கட்டம் சரியில்லை

ஜூலை மாதம் ஒரு மனிதருக்கு வீடு கிடைக்காமல் செய்தவர்களில் நானும் ஒருவன். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கையைத் தூக்கினேன். மொத்தமே மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நாங்கள் குடியிருக்கும் காண்டோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஐந்து பேர் கொண்ட போர்டு உண்டு. ஆள் கிடைக்காத ஒரு வருஷம் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டேன். நீச்சல் குளத்துப் பம்பு, கூரை ரிப்பேர், யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணியது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. வாடகைக்கு வருகிறவர்களின் விண்ணப்பமும் எங்களிடம் வரும், கூடவே பழைய வழக்கு ஏதாவது உண்டா என்று பார்த்துச் சொல்லும் ஒரு பேக்கிரவுண்ட் செக் அறிக்கையும். எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: எந்தக் காலத்திலாவது ஃபெலனித் தீர்ப்பு வாங்கியிருந்தால் அனுமதி இல்லை. ஃபெலனி என்றால் சட்டத்தின் கணக்கில் பெரிய குற்றம்.

ஜூலையில் விண்ணப்பித்தவருக்கு நாற்பது வயது. பத்தொன்பது வயதில் வீடு புகுந்து திருடிய வழக்கு, மூன்று வருஷம் சிறை. வெளியே வந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம், பழைய வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம். "விதி இருக்கே" என்றார் தலைவர். ஐந்து கைகளும் உயர்ந்தன. அடுத்து பம்பு விஷயத்துக்குப் போய்விட்டோம்.

ஆகஸ்டில் எங்கள் வீட்டு ஏசி நின்றுவிட்டது. ஃப்ளோரிடாவில் ஆகஸ்டில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழுது பார்க்க வந்தவரின் சட்டைப்பையில் பெயர் தைத்திருந்தது. விண்ணப்பத்தோடு இருந்த ஓட்டுநர் உரிமப் படமும் நினைவுக்கு வந்தது. அதே ஆள். அவருக்கு என்னைத் தெரியாது. நாங்கள் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற ஜாதி. ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக்குள் வேலை செய்தார். தண்ணீர் வடியும் குழாயில் பாசி அடைத்திருந்தது. சுத்தம் செய்துவிட்டு, மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். "நல்ல கட்டடம் இது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏசி ஓடியும்.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் 'கட்டம் சரியில்லை' என்பார்கள். பெண்ணை யாரும் குறை சொல்வதில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாம் கட்டத்தின் வேலை. அமெரிக்காவில் சிறைக்குப் போய் வந்தவர்களுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வேலை விண்ணப்பத்தில், வாடகை விண்ணப்பத்தில், 'உங்களுக்கு ஃபெலனித் தீர்ப்பு உண்டா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சதுரம். அதில் டிக் போட்டால் போதும், யாரும் கெட்டவராக வேண்டியதில்லை.

ஃபெலனி என்றதும் கொலை, கொள்ளை என்று நினைக்க வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய எதுவும் பொதுவாக ஃபெலனிதான். ஃப்ளோரிடாவில் 2019 அக்டோபர் வரை 300 டாலர் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே ஃபெலனி. அதற்குப் பிறகுதான் 750 ஆக்கினார்கள். 300 என்பது 1986-இல் வைத்த கணக்கு. அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு டிவி வந்திருக்கும். இன்று ஒரு நல்ல செல்போனுக்கே பற்றாது.

நான் குடியுரிமை வாங்கி முதன்முதலில் ஓட்டுப் போட்டது 2018 நவம்பரில். அந்த ஓட்டுச்சீட்டில் மாநில அரசியல் சட்டத் திருத்தங்கள் மட்டும் பன்னிரண்டு. நான்காவது திருத்தம், தண்டனையை முழுதாக முடித்தவர்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பித் தருவது பற்றியது. கொலையும் பாலியல் குற்றங்களும் விலக்கு. அதுவரை ஃப்ளோரிடாவில் ஒரு முறை ஃபெலனி என்றால் ஆயுளுக்கும் ஓட்டு கிடையாது. ஆளுநரும் அமைச்சர்களும் உட்காரும் கருணைக் குழுவின் முன் போய் நின்று கேட்க வேண்டும். மனு போடவே ஐந்து முதல் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். 14 லட்சம் பேருக்கு ஓட்டு திரும்பும் என்று கணக்குச் சொன்னார்கள்.

இந்தத் திருத்தத்துக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவர்களின் முன்னணியில் நின்றவர் டெஸ்மண்ட் மீட். அவரே சிறைக்குப் போனவர், போதைக்கு அடிமையாக இருந்தவர். 2005-இல் ரயில் வரட்டும் என்று தண்டவாளத்தில் காத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ரயில் வரவில்லை. பிறகு படித்து 2014-இல் சட்டப் பட்டமும் வாங்கினார். ஆனால் அப்போது வக்கீலாகப் பதிவு செய்ய வழியில்லை, அங்கேயும் அதே கட்டம்.

திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும், கிட்டத்தட்ட 64.5 கிடைத்தது. 51 லட்சம் ஓட்டுக்கு மேல். அதே நாளில் ஆளுநராக ஜெயித்த டிசான்டிஸுக்குக் கிடைத்தது சுமார் 41 லட்சம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்தைத் தடை செய்யும் திருத்தமும் அதே சீட்டில் இருந்தது. அதற்கு 69 சதவீதம். நாய்களுக்கு ஐந்து சதவீதம் கூடுதல் இரக்கம். நான் இரண்டுக்கும் 'ஆம்' போட்டேன். புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

எட்டு மாதத்துக்குள் சட்டமன்றம் வேலையைக் காட்டியது. 'தண்டனையை முழுதாக முடிப்பது' என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கட்டி முடிப்பதும்தான் என்று 2019 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் தருகிறார்களே, அதற்கு விண்ணப்பிக்கவே 50 டாலர் கட்டணம். கட்டாமல் விட்டால் வசூல் ஏஜென்சிக்குப் போகும். அவர்கள் தங்கள் பங்காக 40 சதவீதம் வரை மேலே ஏற்றிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. சரி, கட்டிவிடலாம் என்றாலும் எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஒரு பொதுவான கணக்குப் புத்தகம் மாநிலத்திடம் கிடையாது. ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) ஒவ்வொரு குமாஸ்தாவிடம் ஒவ்வொரு கணக்கு, பழைய வழக்குகளுக்கு அதுவும் இல்லை. இப்படிப் பாக்கி உள்ளவர்கள் சுமார் 7,74,000 பேர் என்று வழக்கில் ஒரு பேராசிரியர் கணக்குக் கொடுத்தார். இது காசு கொடுத்து ஓட்டுப் போடும் ஏற்பாடு என்று சொல்லி, 2020 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் சட்டத்தின் பெரும்பகுதியை நிறுத்தினார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நான்கு என்று அதைப் புரட்டிப்போட்டது. அந்த வருஷ அதிபர் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

நம் ஊரில் ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள். இங்கே ஓட்டுப் போடக் காசு கேட்கிறார்கள். இதில் எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது 2022 ஆகஸ்ட். ஓட்டுப் போடத் தகுதியில்லாதவர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று 20 பேர் மீது வழக்கு, ஆளுநரே அறிவித்தார். பெரும்பாலும் கொலை அல்லது பாலியல் குற்ற விலக்கில் வருகிறவர்கள், ஆகவே தகுதியில்லை என்பது சரிதான். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையை வீட்டுக்கு அனுப்பி வைத்தது யார்? இதே அரசாங்கம். டாம்பாவில் நடந்த கைதுகளின் போலீஸ் கேமரா படம் பிறகு வெளியானது. அட்டை வந்தது, போட்டேன், இப்போது ஏன் விலங்கு என்று அவர்கள் விழிக்கிறார்கள். விலங்கு மாட்டுகிற போலீஸ்காரருக்கே சங்கடமாக இருக்கிறது. அதைப் பார்த்தபின், தகுதி இருக்கிற எத்தனை பேர் 'எதுக்கு வம்பு' என்று ஒதுங்கியிருப்பார்கள்?

கட்சி பேச வரவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது. 2024 மே மாதம் நியூயார்க்கில் டிரம்ப் மேல் 34 ஃபெலனிக் குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. அவர் ஃப்ளோரிடாவாசி. வேறு மாநிலத்தில் தண்டனை என்றால் அந்த மாநிலத்தின் சட்டப்படிதான் ஓட்டுரிமை போகும் என்பது ஃப்ளோரிடாவின் விதி. சிறைக்குள் இல்லாத எவருக்கும் ஓட்டு உண்டு என்பது 2021 முதல் நியூயார்க்கின் சட்டம். ஆகவே அவர் பாம் பீச்சில் போய் ஓட்டுப் போட்டார். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. அதிபராகவும் ஆனார், அதிபராவதற்கு ஃபெலனி தடை என்று அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. 34 ஃபெலனி வெள்ளை மாளிகையில் குடியேறலாம், ஒரு ஃபெலனி எங்கள் காண்டோவின் இரண்டாவது மாடியில் குடியேற முடியாது. இதை நான் போர்டு கூட்டத்தில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பாதிப் பேர் டிரம்ப் ஆதரவாளர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஓட்டைப் பற்றியே பேசுகிறேனே என்று கேட்கலாம். வயிற்றுப்பாடுதான் முதலில், ஒத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் சிறைவாசலில் கையில் கொடுக்கும் 200 டாலர், 1973 முதல் அதே 200 டாலர். 1996 சட்டம் ஒன்று, போதைப்பொருள் ஃபெலனி உள்ளவர்களுக்கு அரசு உணவு உதவியை ஆயுளுக்கும் தடை செய்தது. கொலைக்கு அந்தச் சட்டத்தில் அப்படித் தடை இல்லை. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் தளர்த்திக்கொண்டன. வேலை விஷயத்தில் டீவா பேஜர் என்ற சமூகவியலாளர் 2001-இல் மில்வாக்கியில் செய்த சோதனை மறக்க முடியாதது. ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை 350 நிறுவனங்களுக்கு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையரைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் 17 சதவீதம். எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பரைக் கூப்பிட்டவர்கள் 14 சதவீதம். சிறை சென்ற கறுப்பருக்கு 5. தோலே ஒரு கட்டம்தான் போலிருக்கிறது.

அந்தக் கட்டத்தை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு இயக்கம் நடந்தது. பல மாநிலங்கள் சட்டம் போட்டன. நல்ல காரியம் என்று நானும் நினைத்தேன். நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் ஆராய்ந்து பார்த்தால், கட்டம் இல்லாத இடத்தில் முதலாளிகள் தாங்களே ஊகித்துக்கொண்டு, கறுப்பர் பெயர்கொண்ட இளைஞர்களை முன்பைவிட அதிகமாக ஒதுக்கினார்கள். கட்டத்தை அழித்தாலும் ஜோசியம் நிற்கவில்லை. பென்சில்வேனியா 2018-இல் சட்டமாக்கிய வழி எனக்கு மேலாகப் படுகிறது: பல வருஷம் வம்பில்லாமல் இருந்தால் சிறு குற்றங்களின் பதிவை, யாரும் மனு போடாமலேயே, கணினி தானாக மூடிவிடும். மனு போடச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகனில் ஒரு கணக்கு இருக்கிறது. தகுதி இருந்தும் ஐந்து வருஷத்துக்குள் பதிவை அழித்துக்கொண்டவர்கள் 6.5 சதவீதம்தான்.

எங்கள் தெருவில், பாளையங்கோட்டை ஜெயிலில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் பெரியப்பா. அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதற்குள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நம் ஊர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. விசாரணைக் கைதிக்குக்கூட உள்ளே இருக்கும்வரை ஓட்டு கிடையாது என்பது இந்தியச் சட்டம். ஆனால் வெளியே வந்தால் ஓட்டும் கூடவே வந்துவிடும், யாரிடமும் மனு போட வேண்டாம். தேர்தல் அன்று பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, காலையில் முதல் ஆளாகப் போய்விட்டு வந்து, திண்ணையில் மை விரலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினார் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

எங்கள் போர்டில் ஒரு அம்மா இருக்கிறார், தனியாகப் பேத்தியை வளர்க்கிறார். விதியை மாற்றலாம் என்று நான் சொன்னதும், "உனக்கு என்ன, நீ பேசுவாய், பக்கத்து வீட்டில் இருக்கப் போவது நான்" என்றார். அவர் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆறேழு வருஷம் எந்த வழக்கும் இல்லாமல் கழித்த ஒருவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு, வழக்கே இல்லாதவருக்கு அருகில் வந்துவிடுகிறது என்ற ஆய்வுகளைக் காட்டினேன். படிக்கிறேன் என்றார். 'எங்கள் வீட்டு ஏசியை யார் பழுது பார்த்தார் தெரியுமா' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதருக்கு இருக்கிற வேலையும் போய்விடலாம்.

நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதியபோது வேறு மாதிரி பதில்கள். "விசா, கிரீன் கார்டுன்னு நாமளே கண்ணாடி மேல நடக்குறோம், நமக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார் ஒருவர். உண்மைதான், நானும் பத்து வருஷம் அப்படித்தான் நடந்தேன். ஒவ்வொரு படிவத்திலும் 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' போடும்போது கை ஒரு நொடி தயங்கும், எதுவுமே செய்யாதபோதும். அந்தத் தயக்கத்தை அறிந்தவர்கள் நாம். போர்டில் உட்கார்ந்ததும் எனக்கு அது மறந்துபோனது எப்படி என்றுதான் யோசிக்கிறேன்.

விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'எந்தக் காலத்திலாவது' என்பதை எடுத்துவிட்டு ஏழு வருஷம் என்று வைக்க வேண்டும். அதற்குள் உள்ள வழக்கு என்றால் ஆளைக் கூப்பிட்டுப் பேசிய பிறகே முடிவு. அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம். பொருளாளர் என் பக்கம் வந்துவிட்டார், தலைவர் அசையவில்லை, இன்னொருவர் பிடிகொடுக்காமல் பேசுகிறார். அந்த அம்மா நேற்று லிஃப்டில் என்னைப் பார்த்து, "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். ஐந்தில் மூன்று வேண்டும். இரண்டு இருக்கிறது.