பட்டாக்கத்தியும் பிறந்தநாள் கேக்கும்

பாலாற்றங்கரையில் ஒரு பையன் பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டும் வீடியோவைப் பார்த்து, இதெல்லாம் சினிமா கற்றுக்கொடுத்தது என்று முந்தாநாள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்துவிட்டேன். "சினிமா பார்த்து எவனும் கெட்டுப்போக மாட்டான்" என்று இத்தனை பேர் அடித்துச் சொல்கிறீர்கள். சரி, கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டலாம் என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவன் தாத்தா தோல் தொழிற்சாலையில் கத்தி பிடித்தே வாழ்ந்தவர், ஒருநாளும் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்ததில்லை. இவன் நடப்பதைப் பாருங்கள். மெதுவாக, தலையைக் குனிந்து, கத்தி நுனி தரையில் உரச. அந்த நடை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது, திரையில்தான் இருக்கிறது.

அவன் என்னிடம் டியூஷன் படித்தவன், ஏழாம் வகுப்பில் கணக்கு வராமல் அழுதவன். போன மாதம் கத்தியோடு ஒரு போட்டோ போட்டிருந்தான். கேட்டதற்கு, "இன்னா மிஸ், சும்மா ரீல்ஸுக்குத்தான்" என்றான்.

"நாங்களும் சண்டைப் படம் பார்த்துத்தான் வளர்ந்தோம்" என்கிறீர்கள். நானும்தான், குடியாத்தத்தில் மாமா வீட்டுக்குப் போனால் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாள் வீச்செல்லாம் ராஜா கதையில். தெருவில் நடக்கும் கதையில் கத்தி எடுத்தவன் கெட்டவன். இப்போது அவனுக்குத்தான் இசை, விசில், கைதட்டல் எல்லாம்.

ஆதாரம் கேட்ட தம்பிக்கு: 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனையைப் படியுங்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதேபோல அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொல்லிக்கொண்டு. 1963இல் அதையே திரையில் காட்டினார், அப்போதும் அடித்தார்கள். பொம்மையும் மனுஷனும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். ஆனால் பார்த்துக் கற்றுக்கொண்டார்களே, அதைத்தான் நான் சொல்கிறேன். குடி, வறுமை, வேலையின்மை எல்லாம் காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இதைப் பேசக்கூடாதா?

'ஏ' சான்றிதழ் படத்துக்கு 18 வயது ஆகாதவர்களை விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு படத்தில், என் முன்வரிசையில் அப்பா மடியில் ஆறு வயது இருக்கும் ஒரு குழந்தை. முதல் தலை விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவதுக்கு மூடவில்லை. அவரிடம் மெல்லச் சொன்னேன், "உங்க வேலையைப் பாருங்க" என்றார்.

எனக்குப் பிள்ளை இல்லாததால் பேசுகிறேனாம், ஒருவர் எழுதியிருக்கிறார். 19 வருஷமாக உங்கள் பிள்ளைகளை மாலை ஆறிலிருந்து எட்டு வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

இன்று காலை அந்தப் பையனின் அம்மா வந்தார். கேஸ் போட்டுவிட்டால் பத்தாவது பரீட்சை எழுத விடுவார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்காமலே போய்விட்டார்.