ஓ, அந்த நடிகரா பாடினாரு?

கார்ல நாலு பேர் போயிட்டிருக்கோம். என் போன்லேருந்து பாட்டு ஓடுது. பின் சீட்டு நண்பர் கண்ணை மூடித் தலையாட்டிக்கிட்டே வந்தாரு. "என்னா குரல்யா! யாரு இது?"ன்னு கேட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "பேட்ரிக் ஸ்வேஸி"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

"யாரு, டர்ட்டி டான்ஸிங்ல ஆடுவாரே, அவரா?"

ஆடிக்கிட்டிருந்த தலை நின்னு போச்சு. உதட்டோரத்துல ஒரு சிரிப்பு. "அதான பார்த்தேன், குரல் கொஞ்சம் சுமாரா இருக்கேன்னு. இந்த நடிகனுங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. அரை நிமிஷம் முன்னாடி 'என்னா குரல்யா'ன்னு சொன்ன அதே வாய்! பாட்டு அதே பாட்டு, போன் அதே போன். நடுவுல மாறினது ஒரே ஒரு தகவல். அது காதுக்குள்ள போனதும் குரல் சுமாராயிடுமா?

அந்தப் பாட்டோட கதையாவது தெரியுமா? படத்துல ஹீரோவா நடிக்கிறாரு, அப்படியே ஒரு பாட்டும் பாடிடட்டும்னு யாரோ கையில திணிச்சது இல்ல அது. 1984லயே ஸ்டேசி வைட்லிட்ஸுங்கிறவரோட சேர்ந்து அவரே எழுதினது. வேற ஒரு படத்துக்குன்னு எழுதி, அதுல சேர்க்காம விட்டு, மூணு வருஷம் சும்மாவே கிடந்துச்சு. 1987ல டர்ட்டி டான்ஸிங் படத்துக்குள்ள வந்து, அடுத்த வருஷம் அமெரிக்காவோட பில்போர்டு பாட்டுப் பட்டியல்ல மூணாவது இடம் வரைக்கும் போச்சு. இவ்வளவையும் கார்ல சொன்னேன். "சரி சரி, விடுங்க"ன்னுட்டாரு. எப்படிங்க விடுறது?

இது அவர் ஒருத்தரோட பிரச்சினை இல்ல. எங்க போனாலும் இதே பாட்டுதான். நடிகர்கள் பாடினதைப் பத்திப் பேச்சு வந்தா உடனே 'ஸ்டார் ட்ரெக்' சீரியல் நடிகர் வில்லியம் ஷாட்னரை இழுத்துட்டு வருவாங்க. ஒத்துக்கறேன், 1968ல அவர் போட்ட ஆல்பத்துல பாட்டை வசனம் மாதிரி பேசித்தான் வச்சிருந்தாரு. அப்புறம் ப்ரூஸ் வில்லிஸ். 'டை ஹார்டு' படம் வர்றதுக்கு முந்தின வருஷம், 1987ல, மோடவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு ஒரு ஆல்பம் பண்ணாரு. அதுல ஒரு பாட்டு அமெரிக்காவுல அஞ்சாவது இடம், இன்னொண்ணு இங்கிலாந்துல ரெண்டாவது இடம். பெரிய பாடகர்னு நானும் சொல்ல மாட்டேன், ஆசைக்குப் பாடினாரு. அதையும் இதையும் காட்டிச் சிரிச்சுட்டு, 'நடிகன் பாடினா இப்படித்தான்'னு தீர்ப்பு எழுதிடுவாங்க.

அப்போ கைலி மினோக் யாரு? ஆஸ்திரேலியாவோட 'நெய்பர்ஸ்' டிவி சீரியல்ல மெக்கானிக் பொண்ணா நடிச்சு வீடு வீடாத் தெரிஞ்ச முகம். 1988ல அவங்க பாட்டு இங்கிலாந்துல அஞ்சு வாரம் முதலிடத்துல நின்னுச்சு. பத்திரிகைக்காரங்க வச்ச பேர் என்ன தெரியுமா? 'பாடும் பட்ஜி'. கூண்டுல கிடக்கிற குட்டிக் கிளி! இன்னிக்கு யாராவது அவங்களை 'சீரியல் நடிகை, பாடவும் செய்வாங்க'ன்னு சொல்லுவாங்களா? 2024லகூட கிராமி இசை விருது வாங்கினாங்க. ராப் பாடகர் டிரேக்? கனடா சீரியல்ல சக்கர நாற்காலியில உட்கார்ந்து நடிச்ச பையன். ஜெனிபர் லோபஸோட முதல் பாட்டு 1999ல அமெரிக்காவுல முதலிடம், அதுக்கு முன்னாடி அவங்களைப் படத்துலதான் பார்த்தோம். 'கம்யூனிட்டி' சீரியல்ல நம்மளைச் சிரிக்க வச்ச டொனால்ட் க்ளோவர், 2019 கிராமியில அந்த வருஷத்தோட சிறந்த பதிவு, சிறந்த பாடல் ரெண்டையும் தூக்கிட்டுப் போனாரு. ராப் பாட்டுக்கு அந்த ரெண்டு விருதும் கிடைச்சது அதுதான் முதல் தடவை.

இவங்க பேரைச் சொன்னா வர்ற பதில் இருக்கே, அதுலதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். "அவங்கெல்லாம் வேறங்க, அவங்க நிஜமாவே பாடகர்கள்." ஜெயிச்சா பாடகர், தோத்தா நடிகர். நல்லாப் பாடின ஒவ்வொருத்தரையும் இந்தப் பக்கம் எடுத்து வச்சுட்டு, மிச்சம் இருக்கறதைக் காட்டி "பாருங்க, ஒண்ணும் தேறலை"ன்னா எப்படித் தேறும்? அரிசியை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, முறத்துல வெறும் கல்லுதான் இருக்குன்னு சொல்ற கதை.

இதுல என்னை உருக்கிப்போட்டது டேவிட் சோல் கதைதான். 1960கள்ல, யாருக்கும் தெரியாத பாடகரா இருந்தப்போ, அவர் மெர்வ் கிரிஃபின் டிவி நிகழ்ச்சியில முகமூடி போட்டுக்கிட்டு வந்து பாடுவாரு. 'மூடிய மனிதன்'னு பேரு. ஆள் அழகா இருப்பாரு. அந்த முகம் குறுக்க வரக்கூடாது, குரலை மட்டும் கேளுங்கன்னு ஒரு மனுஷன் மூஞ்சியை மறைச்சுக்கிட்டு நின்னாரு! பத்து வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' போலீஸ் சீரியல்ல ஹட்ச்சா நடிச்சு உலகமே தெரிஞ்ச முகம் ஆயிட்டாரு. 1977ல அவர் பாட்டு இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் முதலிடம் போச்சு. உடனே என்ன பேச்சு? 'சீரியல்ல வந்த பேரை வச்சுப் பாட்டு விக்கிறாரு.' பாட வந்தவர் பொழைப்புக்கு நடிச்சாரு. கடைசியில 'பாட ஆசைப்பட்ட நடிகர்'னு முத்திரை.

ரிக் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கும் இதே கதிதான். 1972லயே அமெரிக்கப் பட்டியல்ல ஏறின ஆளு. 1981ல டாக்டர் வேஷம் போட்ட சீரியலும் முதலிடம் பிடிச்ச பாட்டும் ஒண்ணா வந்துச்சா, 'டாக்டர் பாட வந்துட்டாரு'ன்னு கிண்டல்.

அதே ஒரு பாடகர் நடிக்க வந்தா? சிவப்புக் கம்பளம்! பிராங்க் சினாட்ரா 1953ல நடிச்ச ஒரு படத்துக்கு ஆஸ்கர் கொடுத்தாங்க. பாடகி ஷேருக்கு 1988ல சிறந்த நடிகை ஆஸ்கர். 'பாடகி எதுக்கு நடிக்கிறாங்க'ன்னு முணுமுணுத்தவங்களும் கைதட்டிட்டு உட்கார்ந்தாங்க. 'பன்முகத் திறமை'ன்னு எழுதினாங்க. நடிகர் பாடினா மட்டும் 'விளம்பர ஆசை'. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி.

(நம்ம சினிமா ஆரம்பிச்சப்போ பாடத் தெரியாதவனுக்கு ஹீரோ வேஷமே கிடைக்காது. தியாகராஜ பாகவதரைப் பார்த்து 'நடிகர் எதுக்குப் பாடறாரு'ன்னு அன்னிக்கு எவனாவது கேட்டிருந்தா, தியேட்டரை விட்டே துரத்தியிருப்பாங்க. சரி, அது தனிக் கதை.)

ரிச்சர்ட் ஹாரிஸைத் தெரியும்ல, ஹாரி பாட்டர் முதல் ரெண்டு படத்துல வெள்ளைத் தாடி டம்பிள்டோர்? அவர் 1968ல பாடின ஒரு பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும். ஜிம்மி வெப் எழுதினது. ஒரு இசைக்குழு வேண்டாம்னு ஒதுக்கின பாட்டு. வானொலியில மூணு நிமிஷப் பாட்டு ஓடின காலத்துல அதை எடுத்து, உயிரைக் கொடுத்துப் பாடி, அமெரிக்காவுல ரெண்டாவது இடத்துக்குக் கொண்டு போனாரு. தலைப்புல இருக்கிற பூங்கா பேரையே கடைசி வரைக்கும் தப்பாப் பாடியிருக்காரு, கேட்டா எனக்கே சிரிப்பு வரும். ஆனா அந்த ஏழு நிமிஷத்துல அந்த ஆளு எதையும் ஒளிச்சு வைக்கல. சுருதி சுத்தமாப் பாடற பத்துப் பேர்கிட்ட எனக்கு அது கிடைச்சதில்ல.

ஒரு இடத்துல மட்டும் எதிர்த்தரப்போட சேர்ந்துக்கறேன். 1995ல இங்கிலாந்துல ராப்சன், ஜெரோம்னு ரெண்டு நடிகர்கள் ஒரு சீரியல்ல பாடப்போக, ரெக்கார்டு கம்பெனிக்காரர் சைமன் கோவெல் விடாம துரத்தி ரெக்கார்டு போட வச்சாரு. அந்த வருஷம் அங்க அதிகம் வித்த சிங்கிள் (ஒத்தைப் பாட்டு ரெக்கார்டு) அவங்களோடதுதான். அவங்க அடுத்த பாட்டு முதலிடத்துல குந்திக்கிட்டதால ஒயாசிஸ் இசைக்குழுவோட 'வொண்டர்வால்' பாட்டு ரெண்டாவது இடத்தோட நின்னு போச்சு. அது எனக்கு இன்னிக்கும் ஆறாத வயித்தெரிச்சல். ஆனா 1970ல நடிகர் லீ மார்வின் சரளைக் கல்லை அரைக்கிற மாதிரி ஒரு குரல்ல பாடி பீட்டில்ஸையே ரெண்டாவது இடத்துல நிறுத்தினாரு பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியாயம் இல்லதான். பிடிக்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?

முகத்தை வச்சு வியாபாரம் நடக்கலைன்னு நான் சொல்லல. 1957ல டேப் ஹன்டர்னு வார்னர் பிரதர்ஸ் சினிமா கம்பெனி ஒப்பந்தத்துல இருந்த நடிகர் வேற ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடி, பாட்டு முதலிடம் போயிடுச்சு. நம்ம ஆளை வச்சு அடுத்தவன் காசு பாக்கறதான்னு பொறுக்காம, அடுத்த வருஷமே வார்னர் சொந்தமா ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்க. பிற்காலத்துல பாடகர் பிரின்ஸோட முதல் ஆல்பம் வந்ததே அந்தக் கம்பெனியிலதான். நடிகன் பாடினதைக் கேவலமாப் பேசறவங்க வீட்டு அலமாரியிலயே அந்தக் கம்பெனி ரெக்கார்டு எத்தனை இருக்கும்!

மோசமாப் பாடினா மோசம்னு சொல்லுங்க, நானும் கூடச் சேர்ந்து சொல்றேன். பாட்டைக் கேட்டுட்டுச் சொல்லுங்க, பேரைக் கேட்டுட்டுச் சொல்லாதீங்க.

அடுத்த வாரமும் அதே கார், அதே நாலு பேர். இந்தத் தடவை போன் திரையைக் கவுத்துதான் வைக்கப் போறேன். முதல் பாட்டு டேவிட் சோல். யாருன்னு கேட்டா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கறதா இல்ல.