இருட்டைப் பங்கிடுவது மட்டுமா வழி?

மின்சாரம் போதாமல் போகும்போது அரசுகள் பலவும் முதலில் நாடுவது சுழற்சி முறை மின்வெட்டைத்தான். எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவு நேரம் என்பதால் அது நியாயமானதாகவும், யாரிடமும் கூடுதல் பணம் கேட்காததால் செலவற்றதாகவும் தோன்றுகிறது. இந்த இரண்டு எண்ணங்களுமே தவறு என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடமான ஃபீடரை நிறுத்தினால், ஆளில்லாத அறையில் ஓடும் ஏசியும், பாதி வேலையில் இருக்கும் லேத் இயந்திரமும், வீட்டில் ஒரு நோயாளி நம்பியிருக்கும் ஆக்சிஜன் கருவியும் ஒரே நொடியில் நிற்கின்றன. வசதியுள்ளவர் இன்வெர்ட்டரோ டீசல் ஜெனரேட்டரோ வாங்கி, வழக்கமான கட்டணத்தைவிட மிக அதிகச் செலவில் அந்த இழப்பை ஈடுசெய்துகொள்கிறார். வசதியற்றவர் வேலையையும் வருமானத்தையும் இழந்து அதே விலையைக் கொடுக்கிறார். பில்லில் வராததால் அந்தத் தொகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரேசில் 2001-இல் வேறு வழியைத் தேர்ந்தது. பெரிதும் நீர்மின்சாரத்தை நம்பியிருந்த அந்த நாட்டில் மழை பொய்த்து அணைகள் வற்றியபோது, ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, முந்தைய ஆண்டுப் பயன்பாட்டில் 20 சதவீதத்தைக் குறைத்து வீடுகளுக்கு ஒதுக்கீடு நிர்ணயித்தார்கள். தாண்டியவர்களில் அதிகம் பயன்படுத்துவோருக்குக் கூடுதல் கட்டணம் விதித்தார்கள். மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கும், சேமித்தவர்களுக்கு ஊக்கத்தொகையும் கிடைத்தன. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒதுக்கீட்டில் மிஞ்சியதைப் பிறருக்கு விற்க முடிந்தது. ஜூனில் தொடங்கிய இத்திட்டம், சுழற்சி மின்வெட்டுக்குப் போகாமலேயே 2002 பிப்ரவரி இறுதியில் முடிந்தது. புதிய மின்நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். மக்களின் பயன்பாடு சில வாரங்களிலேயே மாறக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

விலையை மட்டும் அவிழ்த்துவிட்டால் போதும் என்று நான் வாதிடவில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் எரிவாயு வசதிகளும் மின்நிலையங்களும் முடங்கியபோது மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தை விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டது. ஆனால் நிலையான கட்டணத்தில் இருந்த வீடுகளுக்கு அந்த விலை தெரியவே இல்லை. சந்தை விலையோடு இணைந்த திட்டத்தில் இருந்த வீடுகளுக்கோ ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. ஆகவே அடிப்படைத் தேவைக்கான அளவை எல்லோருக்கும் பழைய கட்டணத்திலேயே கொடுத்துவிட்டு, அதற்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் தட்டுப்பாட்டின் உண்மையான விலையை முன்கூட்டியே அறிவித்து வசூலிக்க வேண்டும். அப்படிச் சேரும் பணம் சேமித்தவர்களுக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் இது நடக்காது என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறேன். மாலை உச்சநேரத்தில் மட்டும் வரும் பற்றாக்குறைக்கு நேரவாரியான மீட்டர் தேவைதான். அங்கும் பெரிய தொழிற்சாலைகளிலிருந்து தொடங்கலாம். அணை வற்றியோ எரிபொருள் தீர்ந்தோ மாதக்கணக்கில் நீளும் தட்டுப்பாட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பிரேசில் வீடுகளில் அன்று இருந்தவை மாதம் ஒருமுறை ஆள் வந்து கணக்கெடுக்கும் சாதாரண மீட்டர்கள்தான்.