எண்ணெய்ப் பறவை என்று எழுதாதீர்கள்

தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளிலும் டிரினிடாட் தீவிலும் வாழும் குவாச்சரோ என்னும் இரவுப் பறவையைத் தமிழில் அறிமுகம் செய்கிறவர்கள் ‘எண்ணெய்ப் பறவை’ என்றே எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெயர் வந்த வழி கொடியது. கொழுப்பு மிகுந்த பழங்களை ஊட்டி வளர்க்கப்படும் இதன் குஞ்சு, ஒரு கட்டத்தில் தாயைவிடக் கனமாகிவிடும். 1799-இல் வெனிசுலாவின் காரிப்பே அருகிலுள்ள குகைக்குச் சென்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட், அங்கு ஆண்டுக்கொருமுறை நடந்துவந்த கொழுப்பு அறுவடையைப் பற்றி எழுதியிருக்கிறார். நீண்ட கழிகளால் கூடுகளைக் கலைத்து, கீழே விழும் குஞ்சுகளின் வயிற்றைக் கிழித்து, எடுத்த கொழுப்பை மண்சட்டிகளில் உருக்குவார்கள். ஓராண்டு வைத்திருந்தாலும் சிக்கு வாடை வீசாத அந்த நெய்யில்தான் அங்கிருந்த பாதிரியார் மடத்தில் சமையல் நடந்தது. மூதாதையரின் ஆவிகள் உறைவதாக நம்பிக் குகையின் உட்பகுதிக்குச் செல்லச் சாய்மா பழங்குடியினர் அஞ்சியதால்தான் இந்த இனம் அங்கே அழியாமல் தப்பியது என்று ஹம்போல்ட் கருதினார். ஆயினும் அவரே சூட்டிய அறிவியல் பெயரின் முதற்சொல்லுக்கு, ‘கொழுப்புப் பறவை’ என்றுதான் பொருள்.

அதே குகையில் அவர் கண்ட மற்றொரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. பறவைகள் கக்கிய விதைகள் இருட்டிலேயே முளைத்து, வெளிறிய தண்டும் அரைகுறை இலையுமாக இரண்டடி உயரம் வளர்ந்து நின்றன. பழத்தை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்து, விதையைக் கக்குவது இப்பறவையின் இயல்பு. கும்மிருட்டில் ‘டக் டக்’ என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே பாறையில் மோதாமல் பறக்கிறது. வௌவாலின் ஒலியைப் போலன்றி, இது நம் காதுக்கும் கேட்கும். (மேற்குத் தொடர்ச்சி மலைக் குகைகளில் கூடுகட்டும் உழவாரனுக்கும் இத்திறன் உண்டு.)

விதைகளைக் குகையில் வீணாக்கும் பறவை என்றே நெடுங்காலம் இதைக் கருதினார்கள். இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பொருத்தி வெனிசுலாவில் நடத்தி, 2009-இல் வெளியிட்ட ஆய்வோ, இவை பல பகல்களைக் குகைக்கு வெளியே, தொலைதூரக் காட்டு மரங்களிலேயே கழிப்பதைக் காட்டியது. அங்கே கக்கும் விதைகள் காட்டு மண்ணில் விழுகின்றன. பனை வகைகளையும் வெண்ணெய்ப்பழத்தின் உறவு மரங்களையும் இரவோடு இரவாக விதைத்துச் செல்லும் ஓர் உயிரை, அதன் குஞ்சுகளை உருக்கி எடுத்த நெய்யால் அடையாளப்படுத்துவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

குவாச்சரோ என்ற ஸ்பானியச் சொல், அது எழுப்பும் ஓலத்தைக் குறிப்பது. அதையே தமிழிலும் எழுதுவோம்.