அம்மாவுக்கு ஒரு சாதா டிவி வேண்டும்

நேற்று சாயங்காலம் ஊரிலிருந்து அம்மாவின் போன். "டிவில ஏதோ கேக்குதுப்பா, ஓகேன்னு அமுக்கவா?" வீடியோ காலில் காட்டச் சொன்னேன். புது விதிமுறைகளுக்குச் சம்மதம் கேட்டுத் திரை முழுக்க ஆங்கிலம். சம்மதிக்காமல் செட்டாப் பாக்ஸுக்குப் போக வழி தெரியவில்லை. அதற்குள் ஏழு மணிச் செய்தியே முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு 72 வயது. வீட்டில் இருப்பது நெட்டோடு இணையும் ஸ்மார்ட் டிவி. அதன் ரிமோட்டில் நான்கு பொத்தான்கள் ஓடிடிக்காரர்களுடையவை. அம்மா எதற்கும் சந்தா கட்டவில்லை. ஆனால் விரல் பட்டால் போதும், திரை எங்கோ போய்விடும். திரும்பி வரத் தெரியாமல் ஸ்விட்சையே அணைத்துவிடுவார். போன தடவை போனபோது அந்த நான்கின் மேலும் ஒயருக்குச் சுற்றும் கருப்பு டேப்பை ஒட்டிவிட்டு வந்தேன். பவர் பொத்தானில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை இப்படி மூடி வைக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி எங்கள் வீட்டிலும் இருந்தது. போட்டால் படம் வரும். அம்மா யாரையும் கூப்பிட்டதில்லை.

நெட்டைத் துண்டித்துவிடு என்பார்கள். செய்தேன். போடும்போதெல்லாம் 'நெட்வொர்க் இல்லை' என்று நடுத்திரையில் வந்து நிற்கிறது.

விற்ற பிறகும் டிவியில் வருமானம் இருக்கிறது, அதுதான் விஷயம். முகப்பில் விளம்பரம், கூடவே நாம் என்ன பார்க்கிறோம் என்ற தகவல். அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. சுமார் 1.1 கோடி டிவிகளில் மக்கள் பார்ப்பதை, அவர்களுக்குத் தெரியாமலே நொடிக்கு நொடி சேகரித்தது என்பது புகார். திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை எடுத்து ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் நுட்பம் அது. கேபிளானாலும் டிவிடியானாலும் தப்பாது.

அதே வீட்டில்தான் மிக்ஸியும் இருக்கிறது. ஒரு குமிழ்; மூன்று வேகம். சட்னிக்குத் தேங்காயை அதிகமாகப் போட்டு நின்றுபோனால், கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவார், ஓடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எனக்கு அதுதான் நல்ல பொருள்.

கடையில் கேட்டேன். சாதா டிவி 32 இன்ச் வரைக்கும்தான் வருகிறதாம். கண்புரை ஆபரேஷன் ஆனவருக்கு அது சின்னது. 43 இன்ச் திரை, செட்டாப் பாக்ஸ் சொருக ஒரு இடம், சத்தம் கூட்டக் குறைக்க ஒரு பொத்தான். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. எங்கேயாவது பார்த்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போகிறேன்.