அது நிஜப் புகைப்படம் இல்லை அண்ணா
அண்ணா, ‘இன்டர்ஸ்டெல்லார்’ சினிமாவில் வரும் கருந்துளை தொலைநோக்கி எடுத்த நிஜப் புகைப்படம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதில் வரும் அப்பா, பிள்ளைகள் அனுப்பிய 23 வருட வீடியோ செய்திகளைப் பார்த்து அழும் இடத்தில் எங்கள் ஊட்டி வீட்டில் எல்லோரும் அழுதோம், எனக்கும் உயிரான சினிமாதான். ஆனால் அந்தக் கருந்துளை, இயற்பியலாளர் கிப் தோர்ன் தந்த சமன்பாடுகளை வைத்துக் கணினியில் உருவாக்கியது.

சினிமா வந்தது 2014 நவம்பரில். கருந்துளையின் முதல் நிஜப் படம் வெளியானது 2019 ஏப்ரல் 10 அன்று. இரண்டு தேதிகளையும் தேடிப் பாருங்கள். படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: சினிமாவில் நடுவே கூர்மையான ஒளிக்கோடு ஓடும். நிஜத்தில் மங்கலான ஆரஞ்சு வளையம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் பளிச்சென்று. ஊட்டி பக்கத்தில் நம் முத்தோரைச் சரிவில் நிற்கும் தொலைநோக்கி ரேடியோ அலைகளைப் பிடிப்பது போல, அந்த நிஜப் படமும் ரேடியோ அலைகளைப் பிடித்து உருவானது.