முதலில் வந்தது தொலைக்காட்சிப் படம்தான்

'தி பாரன் அண்ட் தி கிட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம், 'தி கலர் ஆஃப் மணி' என்ற திரைப்படத்தைப் பார்த்து எடுத்த மலிவான நகல் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆண்டுக் கணக்கே இடிக்கிறதே! பாடகர் ஜானி கேஷ் நடித்த அந்தத் தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானது 1984இல். பால் நியூமன், டாம் குரூஸ் நடித்த 'தி கலர் ஆஃப் மணி' திரைக்கு வந்தது 1986இல்.

கதையின் வேர், 1981இல் கேஷ் பாடிய 'தி பாரன்' பாட்டு. பில்லியர்ட்ஸ் வகை மேசை ஆட்டமான பூலில் கைக்காசை இழந்த இளைஞன் தாயின் திருமண மோதிரத்தையே பந்தயத்தில் வைக்கிறான். மோதிரத்தைக் கண்டதும், எதிரே நிற்பவன் தன் மகன் என்று மூத்த ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடுகிறது. நியூமன் படத்திலோ மூத்த ஆட்டக்காரருக்கும் இளைஞனுக்கும் இரத்த உறவே கிடையாது. இரண்டிலும் பூல் மேசை இருக்கிறது என்பதற்காக நகல் என்று முத்திரை குத்துவது அநியாயம். படம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அது வேறு வழக்கு.